வெயிலும் தொழுநோயும்

"வெயில்ல கெடந்ததாலதான் இந்தத் தேமல் வந்துச்சா டாக்டரம்மா?" தொட்டால் உணர்ச்சியில்லாத வெளிறிய படையோடு வரும் கொத்தனார்களும் நடவு நடும் பெண்களும் என்னிடம் கேட்பது இது. தொழுநோயைத் தருவது வெயில் அல்ல, ஒரு பாக்டீரியா. 1873இல் நார்வேயின் ஹேன்சன் அதைக் கண்டறிந்தார். ஆனாலும் அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது.

மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் இருக்கின்றன. உள்ளே நுழையும் கிருமியைப் பிடித்து, நிணநீர்க் கணுக்களில் உள்ள டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களிடம் அடையாளம் காட்டும் காவலர்கள் இவை. வெயிலின் புறஊதா-பி கதிர் பட்ட இடத்தில் இவற்றின் எண்ணிக்கை குறைகிறது. எதிர்ப்பை அடக்கும் பொருள்களும் சுரக்கின்றன.

தொழுநோய்க் கிருமிக்கு எதிரான ஆற்றலைச் சோதிக்க, கொல்லப்பட்ட அதே கிருமியிலிருந்து செய்வது லெப்ரோமின். எதிர்ப்பாற்றல் உள்ளவருக்கு அதைத் தோலில் ஏற்றினால் சில வாரங்களில் சிறு முடிச்சு எழும். 1995இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளோடு பழகிய, ஆனால் நோயில்லாதவர்களின் தோலில் புறஊதாக் கதிரையும் லெப்ரோமினையும் செலுத்திப் பார்த்தார்கள். கதிர் பட்ட இடத்தில் அந்த எதிர்வினை மங்கியிருந்தது.

இதை வைத்து, வெயிலில் உழைப்பவருக்கு நோய் வருமென்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலோருக்கு இயல்பிலேயே இந்தக் கிருமியை வெல்லும் ஆற்றல் உண்டு. சிகிச்சை பெறாத நோயாளியோடு வீட்டில் நீண்ட நாள் நெருங்கிப் பழகுவதுதான் முக்கிய ஆபத்து.

எனவே வெயிலுக்குப் பயப்படாமல், உணர்ச்சியற்ற படையைக் கவனியுங்கள். அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து இலவசம். ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் குணமாகும்.