கைக்கு வராத பணத்தில் ஒரு கார்

ஒற்றை ஆள் கம்பெனி – தொடர் 9

பிரிட்டனில் தமிழர்கள் கூடும் பிறந்தநாள் விருந்துகளில், கேக் வெட்டி முடித்து ஆண்கள் ஒரு பக்கம் ஒதுங்கியதும் கட்டாயம் எழும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, கம்பெனி பேர்ல எலெக்ட்ரிக் கார் எடுத்தா கிட்டத்தட்ட ஃப்ரீயாமே?" கேட்பவர் பெரும்பாலும் ரெடிங்கிலோ மில்டன் கீன்ஸிலோ இருக்கும் ஐ.டி. கான்ட்ராக்டர். அவருடைய லிமிட்டெட் கம்பெனியில் டைரக்டர், ஊழியர், பங்குதாரர் மூவரும் அவரேதான். ஈஸ்ட் ஹாமில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரரும் இப்போது அதையே கேட்கிறார்.

ஃப்ரீ இல்லை. ஆனால் பென்ஷனை விட்டுவிட்டால், ஒற்றை ஆள் கம்பெனிக்கு பிரிட்டிஷ் வரிச் சட்டம் இவ்வளவு தாராளமாகத் திறந்து வைத்திருக்கும் வழி வேறு இல்லை.

சம்பளம், டிவிடெண்ட் என்ற இரண்டு வழிகளைப் போன வாரம் பார்த்தோம். இரண்டிலும் சுங்கச்சாவடி உண்டு. கம்பெனியின் லாபத்துக்கு முதலில் கார்ப்பரேஷன் டாக்ஸ்: 50,000 பவுண்டுக்குள் 19%, இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் 25%. இடைப்பட்ட லாபத்தில் சேரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உண்மையில் விழுவது 26.5%. மிச்சத்தை டிவிடெண்டாக எடுத்தால் 2026 ஏப்ரல் முதல் 10.75%, ஆண்டு வருமானம் 50,270 பவுண்டைத் தாண்டிய பகுதிக்கு 35.75%. இவ்வளவும் கட்டியபின் கையில் நிற்கும் காசில்தான் காருக்கு மாதத் தவணை கட்ட வேண்டும். கம்பெனியே காரை எடுத்துக் கொடுத்தால் அந்தப் பணம் உங்கள் கைக்கு வருவதே இல்லை. விருந்தில் எல்லோரும் "நாலு பெர்சென்ட் தான்" என்று பேசிக்கொள்வார்கள். லாபத்தின் பெரும்பகுதி அந்த நாலு சதவிகிதத்தில் இல்லை, இங்கே இருக்கிறது.

அந்த நாலு என்ன? கம்பெனி கொடுக்கும் காரைச் சொந்த வேலைக்கும் ஓட்டலாம் என்றால், அதை உங்களுக்குக் கிடைத்த வருமானமாகவே வரித்துறை பார்க்கிறது. பெயர் பெனிஃபிட் இன் கைண்ட். காரின் பட்டியல் விலையில் இத்தனை சதவிகிதம் உங்கள் வருமானத்தோடு சேரும். பட்டியல் விலை என்றால் வாட் வரியும் எக்ஸ்ட்ரா பொருத்தங்களும் சேர்ந்த விலை. பேரம் பேசி ஐயாயிரம் பவுண்ட் குறைத்து வாங்கியிருந்தாலும், நான்கு வருடப் பழைய காரைப் பாதி விலைக்கு வாங்கியிருந்தாலும், கணக்கில் வருவது அது புதிதாக இருந்தபோது இருந்த பட்டியல் விலைதான். ஓட்டினீர்களா என்பதும் கேள்வி இல்லை. சாவி உங்களிடம் இருந்தால் போதும்.

இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட கதை உண்டு. 1970களில் விலைவாசியைப் பிடிக்க பிரிட்டிஷ் அரசு சம்பள உயர்வுக்கு உச்சவரம்பு போட்டது. சம்பளம் கூட்ட முடியாத முதலாளிகள் கார் கொடுத்தார்கள். அலுவலக வாசலில் நிற்கும் ஃபோர்டு கார்ட்டினாவின் பின்பக்கம் 'எல்' என்று இருக்கிறதா, 'ஜி.எல்.' என்று இருக்கிறதா, 'கியா' என்று இருக்கிறதா என்று பார்த்தே ஆளின் பதவியைச் சொல்லிவிடலாம். பிறகு வரி வந்தது. 2002 வரை இருந்த விதி வேடிக்கையானது: பட்டியல் விலையில் 35% வருமானமாகச் சேரும், ஆண்டுக்கு 2,500 மைலுக்கு மேல் அலுவலக வேலையாக ஓட்டினால் 25%, 18,000 மைலைத் தாண்டினால் 15% மட்டும். அதிகம் ஓட்டுகிறவனுக்குக் குறைந்த வரி! வரி ஆண்டு முடியப்போகும் மார்ச் மாதத்தில், போன் போட்டு முடிக்கக்கூடிய வேலைக்கும் மோட்டார்வேயில் ஏறிவிடுவார்கள் விற்பனைப் பிரதிநிதிகள். 2002 ஏப்ரலில் அதை மாற்றி, புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன்-டை-ஆக்சைடை அளவுகோலாக்கினார்கள். நாடே டீசல் காருக்கு மாறியது. டீசலில் கார்பன் குறைவு, நைட்ரஜன் ஆக்சைடு அதிகம் என்பது பிறகுதான் உறைத்தது. பிரிட்டனில் என்ன கார் விற்கும் என்பதைக் கார் கம்பெனிகளை விட நிதியமைச்சரே அதிகம் தீர்மானிக்கிறார் என்று நான் நினைப்பதற்கு இது போதும்.

எலெக்ட்ரிக் காருக்கு அவர்கள் செய்ததும் அதுதான். 2019-20-ல் பேட்டரி காருக்கும் 16% இருந்தது. அடுத்த ஆண்டு ஒரேயடியாக பூஜ்யம். பிறகு 1%, அதன்பின் மூன்று ஆண்டு 2%, 2025-26-ல் 3%, இந்த ஆண்டு 4%. அடுத்த ஆண்டு 5%, 2028-29-ல் 7%, 2029-30-ல் 9% என்று முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்கள். அதிகப் புகை கக்கும் பெட்ரோல் காருக்கு இப்போது 37%.

இனி கணக்கு. பட்டியல் விலை 40,000 பவுண்ட். மாத லீஸ் வாட் சேர்த்து 400 பவுண்ட், ஆண்டுக்கு 4,800. உங்கள் கம்பெனியின் லாபம் சம்பளம் போக 80,000 பவுண்ட். சம்பளமாக 12,570 எடுத்து மிச்சத்தை டிவிடெண்டாக எடுக்கிறீர்கள். நீங்களே சொந்தமாக லீஸ் எடுத்தால், அந்த 4,800 கையில் நிற்க கம்பெனி எவ்வளவு சம்பாதிக்க வேண்டும்? 35.75 சதவிகிதத்தையும் 26.5 சதவிகிதத்தையும் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 10,160 பவுண்ட்.

கம்பெனி எடுத்தால், வாட் பதிவு இருக்கும்பட்சத்தில் லீஸில் உள்ள வாட் 800 பவுண்டில் பாதி திரும்பி வரும். (ஃப்ளாட் ரேட் திட்டத்தில் இருக்கும் கான்ட்ராக்டர்களுக்கு அது வராது.) ஆக 4,400. பெனிஃபிட் இன் கைண்ட் 40,000-ல் 4%, அதாவது 1,600. அதன்மீது கம்பெனி கட்டும் கிளாஸ் 1ஏ நேஷனல் இன்ஷூரன்ஸ் 15%: 240 பவுண்ட். உங்கள் தனிப்பட்ட வரிக்கு இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்கள் 20% அல்லது 40% என்று போட்டுக் காட்டும். நம்மைப் போல் சம்பளம் கொஞ்சம், டிவிடெண்ட் நிறைய என்று எடுப்பவருக்கு இரண்டும் பொருந்தாது. அந்த 1,600-க்கு 20% விழும். கூடவே அது அடிப்படை வரம்புக்குள் நுழைந்து உட்கார்ந்து, 1,600 பவுண்ட் டிவிடெண்டை 10.75 சதவிகிதத்திலிருந்து 35.75-க்குத் தள்ளிவிடும். சேர்த்தால் 45%. ஆண்டுக்கு 720 பவுண்ட். அந்த 720-ஐ உங்கள் கையில் கொண்டுவர ஆகும் லாபத்தையும் சேர்த்தால் மொத்தம் 6,160 பவுண்ட் அளவில் நிற்கிறது.

10,160-க்கும் 6,160-க்கும் வித்தியாசம் நாலாயிரம். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் கம்பெனி கட்டினாலும் அதற்குத் தனி வரி இல்லை என்பதால் இடைவெளி இன்னும் கூடும். ஆனால் இது 80,000 பவுண்ட் லாபக்காரரின் கணக்கு. லாபம் 30,000 என்றால் இதே காருக்கு மிச்சம் ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு பவுண்ட் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த நிலையில் இருப்பவர் 40,000 பவுண்ட் காரை எடுப்பதே வரியை மிச்சம் பிடிக்கத்தான் என்றால், எட்டாயிரம் பவுண்டுக்கு நல்ல பழைய டொயோட்டா ஒன்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கச் சொல்வேன்.

லீஸ் வேண்டாம், கம்பெனியே வாங்கட்டும் என்பவர்களுக்கு வேறொரு கவர்ச்சி உண்டு. புத்தம் புது எலெக்ட்ரிக் காரின் முழு விலையையும் வாங்கிய ஆண்டிலேயே லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஹயர் பர்சேஸில் வாங்கினாலும் இது உண்டு, லீஸுக்கு இல்லை. 2027 மார்ச் 31 வரை இந்தச் சலுகையை நீட்டித்திருக்கிறார்கள். பழைய கார் என்றால் ஆண்டுக்கு 14% வீதம் மெதுவாகத்தான் கழியும். 80,000 பவுண்ட் லாபத்தில் 40,000 கழிந்தால் கார்ப்பரேஷன் டாக்ஸ் 9,850 பவுண்ட் குறைகிறது. இந்த எண்ணைத்தான் ஷோரூமில் பெரிதாகச் சொல்வார்கள்.

மறுபாதியை அங்கே யாரும் சொல்வதில்லை. மூன்று வருடம் கழித்து அந்தக் காரை 18,000 பவுண்டுக்கு விற்றால், ஏற்கெனவே முழுவதும் கழித்துவிட்டதால் அந்த 18,000 முழுதும் லாபமாகத் திரும்பி வந்து உட்காரும். லாபம் அதே நிலையில் இருந்தால் 4,770 பவுண்ட் வரி. முதல் ஆண்டு கிடைத்ததில் பாதி கடனாகக் கொடுத்த சலுகை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். "அப்போ நானே கம்பெனிகிட்ட இருந்து ஒரு பவுண்டுக்கு வாங்கிக்கிறேன்" என்று கேட்பவர்கள் உண்டு. சந்தை விலைக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வருமானமாகக் கணக்காகும். எலெக்ட்ரிக் கார்கள் பழைய கார் சந்தையில் வேகமாக விலை இறங்குவதையும் பார்த்தால், அந்த இறக்கம் லீஸ் நிறுவனத்தின் தலையில் விடியட்டும் என்பது என் கட்சி. வாங்கும்போது வாட் வரியும் திரும்பி வராது; சொந்த உபயோகத்துக்கே கிடைக்காத கார் என்று நிரூபித்தால் மட்டும் வரும். வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு அதை நிரூபிப்பது நடக்காத காரியம்.

மின்சாரம் விஷயத்தில் சட்டம் வினோதமாகத் தாராளம். கம்பெனி காருக்குச் சொந்தப் பயணத்துக்கும் சேர்த்து பெட்ரோல் போட்டுக் கொடுத்தால் தனியாகக் கடும் வரி உண்டு. மின்சாரத்தைச் சட்டம் எரிபொருளாகவே கருதுவதில்லை. வீட்டில் சார்ஜ் போட்ட கட்டணத்தைக் கம்பெனி திருப்பிக் கொடுத்தால் முன்பெல்லாம் வரி கேட்டுக்கொண்டிருந்த வரித்துறை, 2023-ல் தன் நிலையை மாற்றிக்கொண்டது. காருக்குப் போனது எவ்வளவு என்று காட்ட முடிந்தால் போதும்; சார்ஜர் ஆப்பே அந்தக் கணக்கைக் கொடுத்துவிடும். வீட்டுச் சுவரில் சார்ஜர் மாட்டும் செலவைக் கம்பெனி ஏற்றாலும் உங்களுக்கு வரி இல்லை. தனி பார்க்கிங் இல்லாமல் தெருவில் கார் நிறுத்தும் ஃப்ளாட்வாசிகளுக்கு இதெல்லாம் உதவாது. வீட்டு மின்சாரத்துக்கு வாட் 5%, தெரு சார்ஜருக்கு 20% என்ற அநியாயமும் அவர்கள் தலையில்தான்.

யாருக்கு இது ஒத்துவராது? வாடிக்கையாளர்களைத் தேடி ஊர் ஊராக ஓடுபவர்கள் ஒரு முறை யோசிக்க வேண்டும். சொந்தக் காரில் கம்பெனி வேலையாகப் போனால் முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ் வரியில்லாமல் எடுக்கலாம். ஆண்டுக்கு 4,500 பவுண்ட். அந்த அளவு ஓடினால் மேலே சொன்ன நாலாயிரம் அதிலேயே கரைந்து, சொந்தக் காரே ஜெயிக்கலாம். தினமும் ஒரே அலுவலகத்துக்குப் போய்வருவது அந்த மைலில் சேராது. கான்ட்ராக்டரை ஊழியராகவே பாவிக்கும் ஐ.ஆர்.35 விதிக்குள் மாட்டியவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. பணம் கம்பெனிக்கு வரும் முன்பே சம்பள வரி பிடித்தாகிவிட்டது. கைக்கு வராமல் தடுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

காகித வேலை அதிகமில்லை. கார் கிடைத்ததும் பி46 கார் படிவம், ஜூலை 6-க்குள் பி11டி. 2027 ஏப்ரல் முதல் மாதச் சம்பளப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டும். அக்கவுண்டன்ட் பார்த்துக்கொள்வார். நீங்கள் பார்க்க வேண்டியது இன்ஷூரன்ஸ். கம்பெனி பேரில் எடுக்கும் பாலிசியில், வருடக்கணக்காகச் சேர்த்த நோ கிளெய்ம்ஸ் போனஸ் ஏறாமல் போகலாம். கையெழுத்துப் போடும் முன்பே விலை கேட்டு வைப்பது நல்லது.

இன்று நான்கு வருட லீஸ் எடுத்தால் நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று நான்கு ஆண்டிலும் சேர்வது 25%. அந்த 40,000 பவுண்ட் காருக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்து 10,000 பவுண்ட் வருமானம். அதே விலைக்கு அதிகப் புகை கக்கும் பெட்ரோல் கார் ஒரே ஆண்டில் 14,800 பவுண்டைச் சேர்த்துவிடும். 2028 ஏப்ரல் முதல் எலெக்ட்ரிக் காருக்கு மைலுக்கு 3 பென்ஸ் வரி வருகிறது; 10,000 மைலுக்கு 300 பவுண்ட். அதுவும் இந்தக் கணக்கைப் புரட்டிப் போடாது.

புரட்டிப் போடக்கூடியது வேறு. கான்ட்ராக்ட் ஆறு மாதம், லீஸ் நாற்பத்தெட்டு மாதம். நடுவில் நல்ல நிரந்தர வேலை கிடைத்துக் கம்பெனியை மூட நினைப்பவரிடம், மீதி வாடகையில் பாதி வரை கேட்கும் ஒப்பந்தங்கள் சாதாரணம். கம்பெனி லிமிட்டெட் தானே என்று உட்கார முடியாது. சின்னக் கம்பெனிக்குக் கார் கொடுக்கும்போது டைரக்டரிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து கேட்பது வழக்கம், அந்த ஒரு தாள் லிமிட்டெட்டைத் தாண்டி உங்கள் வீட்டுக் கதவு வரை வரும். மாத வாடகையைப் பற்றிப் பேசும் முன், பதினெட்டாம் மாதத்தில் காரைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். லீஸை உங்கள் சொந்தப் பேருக்கு மாற்றிக்கொள்ள விடுவார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

(அடுத்த வாரம்: கம்பெனி கட்டும் பென்ஷன்)