யூரர் கடமையும் நோயாளர் பராமரிப்பும்

ஒன்ராறியோவில் வாழும் 18 வயது நிரம்பிய கனேடியக் குடிமக்கள் எவருக்கும் ஒருநாள் தபாலில் ஒரு வினாக்கொத்து வரக்கூடும். யூரராகக் கடமையாற்றும் தகுதி தங்களுக்கு உண்டா என்று அது கேட்கும். அதற்குரிய பெயர்கள் எங்கிருந்து பெறப்படுகின்றன என்பதைப் பலர் அறியார். முன்னர் அவை நகராட்சிகளின் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டன. இப்போதோ சுகாதார அமைச்சின் பதிவேட்டிலிருந்து, அதாவது நீங்கள் எமது வரவேற்பு மேசையில் காட்டும் சுகாதார அட்டைக்குரிய பதிவேட்டிலிருந்து, எழுமானமாகத் தெரிவு செய்யப்படுகின்றன. நோய் பற்றிய விபரங்கள் அதனுடன் செல்வதில்லை. அந்த அச்சம் வேண்டாம்.

யூரர் என்ற சொல் எம்மவருக்குப் புதிதன்று. இலங்கையில் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கு 2016 ஆம் ஆண்டில் யூரர் முன்னிலையில் விசாரிக்கப்பட்டதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். இங்கு குற்றவியல் வழக்குகளில் பன்னிருவர் அமர்கின்றனர். தீர்ப்பில் அவர்கள் அனைவரும் ஒன்றுபட வேண்டும். வழக்குச் சில நாட்களில் முடியலாம். சில மாதங்கள் நீடிக்கவும் கூடும்.

அவ்வாறு அழைக்கப்படுபவர் உங்களைப் பராமரிக்கும் ஒருவராக இருந்தால் என்ன நேரும்?

ஒன்ராறியோவின் யூரர் சட்டம் சில தொழிலினரை அக்கடமையிலிருந்து முற்றாக விலக்கி வைத்துள்ளது. தொழில் புரிந்துகொண்டிருக்கும் வைத்தியர்களும் மரண விசாரணை அதிகாரிகளும் அவர்களுள் அடங்குவர். கால்நடை வைத்தியர்களும் அடங்குவர். ஆனால் தாதியர், மருந்தாளர், சுவாசச் சிகிச்சையாளர் ஆகியோர் அப்பட்டியலில் இல்லை. மாட்டுக்கு ஊசி போடுபவருக்கு விலக்கு உண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவெல்லாம் கண்விழிக்கும் தாதிக்கு இல்லை என்பது எமக்கு விளங்காத ஒன்று. வைத்தியர் ஒருவரே நோயாளரைக் காப்பவர் என்று எண்ணிய காலத்தின் எச்சமாகவே இதனை நாம் காண்கிறோம்.

குருதிச் சுத்திகரிப்புப் பிரிவை எண்ணிப் பாருங்கள். அங்கு வரும் நோயாளர் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் இயந்திரத்துடன் இணைந்திருக்க வேண்டியவர்கள். அச்சிகிச்சையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்க இயலாது. அதற்கெனப் பயின்ற தாதி ஒருவர் விலகினால், வேறு பிரிவிலிருந்து எவரையும் கொண்டுவந்து அவ்விடத்தில் நிறுத்திவிடவும் முடியாது.

எனினும் மறுபக்கத்து நியாயத்தையும் நாம் ஒதுக்கிவிட இயலாது. இங்கிலாந்தில் வைத்தியர், தாதியர், மருந்தாளர் போன்றோர் விரும்பினால் விலகிக்கொள்ளும் உரிமை நீண்ட காலம் இருந்தது. 2003 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் அதை நீக்கியது. 2004 ஏப்ரல் முதல் அவர்களும் ஏனையோரைப் போல் அழைக்கப்படுகின்றனர். நியூயோர்க் மாநிலமும் 1996 இல் தொழில்வழி விலக்குகள் அனைத்தையும் ஒழித்தது. படித்தவர்களும் பொறுப்பான பதவியில் உள்ளவர்களும் ஒவ்வொருவராக விலகிக்கொண்டே போனால், குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சமுதாயம் முழுவதிலுமிருந்து வந்த யூரர் எங்ஙனம் கிடைப்பர்? நோயாளரும் ஒருநாள் நீதிமன்றத்தில் நிற்க நேரலாம் அல்லவா?

வைத்தியர்களைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் உண்டு. காயம் பற்றிய சாட்சியம் வரும் வழக்கில், யூரர் அறையினுள் இருக்கும் ஒரு வைத்தியரின் சொல்லை ஏனைய பதினொருவரும் வேதவாக்காகக் கொள்ளக்கூடும். சாட்சிக் கூண்டில் நிற்கும் நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். மூடிய அறையினுள் பேசும் யூரரை யார் விசாரிப்பது?

ஆகவே சுகாதாரப் பணியாளர் அனைவருக்கும் ஒட்டுமொத்த விலக்கு வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பதவியின் பெயரைப் பார்த்து விலக்களிப்பதிலும், அவரை நம்பியிருக்கும் நோயாளரின் நிலையைப் பார்த்து விலக்களிப்பதே முறையென்று கருதுகிறோம். அதற்குச் சட்டத்தில் ஏற்கனவே ஒரு வாயில் திறந்தே உள்ளது. அழைப்பாணை பெற்றவர் நோயுற்றிருந்தாலோ, அவர் கடமைக்கு வருவதால் அவருக்கோ பிறருக்கோ கடுமையான இடர் விளையுமென்றாலோ அவரை விடுவிக்கலாம். ‘பிறருக்கோ’ என்னும் அச்சொல்லில் நோயாளரும் அடங்குவர். எனவே ஒரு பிரிவு உண்மையில் தள்ளாடும் நிலையிலுள்ளபோது மாத்திரம் பிரிவுப் பொறுப்பாளர் கடிதம் வழங்குவதே பொருத்தம்.

அதே வாயில் உங்களுக்கும் உரியது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் கணவரை அழைத்துவரும் மனைவி, நினைவிழப்பு நோயுற்ற தாயாரைத் தனித்துப் பார்த்துவரும் மகன் ஆகியோருக்கும் அழைப்பாணை வரலாம். அப்போது குடும்ப வைத்தியரிடமோ சிகிச்சைக் குழுவினரிடமோ நிலைமையை விளக்கும் கடிதம் ஒன்றைப் பெற்று, விலக்கையோ பிற்போடலையோ எழுத்தில் கோருங்கள். முன்னர் முதற் பத்து நாட்களுக்கு யூரருக்குக் கொடுப்பனவு இருக்கவில்லை. அப்போது 11 ஆம் நாள் தொடக்கம் நாளொன்றுக்கு 40 டொலரும், 50 ஆம் நாள் தொடக்கம் 100 டொலரும் வழங்கப்பட்டன. தொழில் வழங்குநர் விடுப்பு அளித்தே ஆகவேண்டும். ஆனால் அந்நாட்களுக்குச் சம்பளம் தரவேண்டிய கட்டாயமில்லை. மாற்றுப் பராமரிப்பாளரை அமர்த்தும் வசதியற்ற குடும்பங்கள் இதனையும் தமது கோரிக்கையில் குறிப்பிடலாம்.

முதலில் வரும் வினாக்கொத்தை மட்டும் ஒருபோதும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதற்கு விடையளிக்காமல் விடுவது தண்டனைக்குரிய குற்றமாகும். ஆங்கிலமோ பிரெஞ்சோ அறியாத முதியவர்களின் பெயருக்கு வந்தாலும், அதனைப் பிள்ளைகள் வாசித்துக் காட்டி, மொழி தெரியாது என்பதற்குரிய இடத்தில் குறியிட்டு அனுப்ப உதவலாம். வைத்தியசாலையில் தங்கியிருக்கும் ஒருவரின் வீட்டு முகவரிக்கு அது வந்திருந்தால், அடுத்த முறை பார்க்க வரும்போது கையோடு கொண்டு வாருங்கள்.