கராத்தே நெறிமுறைகள்

கராத்தே நெறிமுறைகள் என்பவை கராத்தே பயில்வோர் பயிற்சிக்கூடத்திலும் அன்றாட வாழ்விலும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கக் கொள்கைகள் ஆகும். ஜப்பானின் ஒக்கினாவாத் தீவைச் சேர்ந்த ஃபுனகோஷி கிச்சின் (1868 – 1957) இக்கலையை 1922 ஆம் ஆண்டில் தோக்கியோவில் செய்துகாட்டிப் பரப்பினார். இவர் இக்கொள்கைகளை இருபது நெறிகளாக வகுத்தார். எதிரியை வெல்வதை விடத் தன்னை அடக்கி ஆள்வதே பயிற்சியின் நோக்கம் என்பது இவற்றின் சாரம்.

பெயரும் பொருளும்

"தே" என்பது கையைக் குறிக்கும். "கரா" என்பது முன்னர் சீனாவைக் குறிக்கும் எழுத்தால் எழுதப்பட்டது. பின்னர் அதே ஒலியுடைய, "வெறுமை" எனப் பொருள்படும் எழுத்து வழக்கிற்கு வந்தது. 1936 ஆம் ஆண்டில் நாகா நகரில் கூடிய ஒக்கினாவா ஆசான்கள் இதனை ஏற்றனர். வெறுங்கை என்பதோடு, தன்னலமும் தீய எண்ணமும் நீங்கிய உள்ளம் என்றும் ஃபுனகோஷி இதற்கு விளக்கம் அளித்தார்.

முதலில் தாக்காமை

கராத்தேயில் முதல் தாக்குதல் இல்லை என்பது இந்நெறிகளுள் மிகவும் அறியப்பட்டது. தொடக்க மாணவர்கள் கற்கும் ஐந்து ஹெய்யான் கத்தாக்களும் தடுப்பு அசைவுடனேயே தொடங்குகின்றன. எனினும் இந்நெறியின் பொருள் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. வீணே சண்டையைத் தேடக்கூடாது என்பதே இதன் பொருள் என்றும், மோதல் தவிர்க்க இயலாததாகிவிட்டால் முந்திக்கொள்வது தவறாகாது என்றும் மொத்தோபு சோக்கி (1870 – 1944) கருதினார்.

பயிற்சிக்கூட உறுதிமொழி

ஷோட்டோகான் பிரிவின் பல பயிற்சிக்கூடங்களில் வகுப்பின் இறுதியில் ஐந்து நெறிகள் உரக்கச் சொல்லப்படுகின்றன. அவை:

* நற்பண்பை நிறைவாக்க முயலுதல்
* வாய்மை வழி நிற்றல்
* விடாமுயற்சியை வளர்த்தல்
* மரியாதையைப் பேணுதல்
* முரட்டுத் துணிச்சலை அடக்குதல்

ஒவ்வொரு நெறியும் "ஒன்று" என்றே தொடங்கும். எதுவும் மற்றொன்றுக்குத் தாழ்ந்ததன்று என்பதே இதன் கருத்து.

காஞ்சிபுரத் தொடர்பு

காஞ்சிபுரத்து இளவரசராகக் கருதப்படும் போதிதருமர் சீனாவின் சாவோலின் மடத்தில் தற்காப்புக்கலையைக் கற்பித்தார் என்றும், அதுவே கராத்தேயின் மூலம் என்றும் தமிழ்நாட்டில் பரவலாக நம்பப்படுகிறது. ஃபுனகோஷியும் தம் நூலில் போதிதருமர் கதையைக் குறிப்பிட்டுள்ளார். ஆனால் அவரைத் தற்காப்புக்கலையுடன் இணைக்கும் சீன நூல் 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் வாழ்ந்ததாகக் கருதப்படும் காலத்திற்கு அது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. எனவே வரலாற்றாய்வாளர்கள் இத்தொடர்பை ஏற்பதில்லை. கராத்தேயின் அசைவுகள் இந்தியாவிலிருந்து சென்றன என்பதற்குச் சான்று இல்லை. ஆயினும் அதன் பெயருக்கு ஃபுனகோஷி கண்ட "வெறுமை" என்னும் விளக்கம், இந்தியாவில் தோன்றிய பௌத்தத்தின் சூனியக் கோட்பாட்டைத் தழுவியதாகும்.