செவ்வாயில் ஒரு காஞ்சி

வேற்றுக் கோளொன்றில் மக்கள் குடியேறி வாழ்வதாகக் கதை புனைதல் எழுத்தாளர் பலர்க்கும் விருப்பமான முயற்சியாகும். ஆயின் அக்கதைகளிற் பலவற்றுள் ஊர் என்பது கண்ணாடிக் கூரையும் மின்னொளியும் உடையதொரு வெறுங்காட்சியாக நிற்கின்றதேயன்றி, மக்கள் உண்டும் உழைத்தும் வழக்காடியும் வாழும் இடமாகத் தோன்றுவதில்லை. அக்குறை நேராதவாறு ஓர் ஊரைக் கற்பனையில் அமைப்பது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம். இதற்கு ஆசிரியரைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் காஞ்சிமாநகரே தக்க ஆசிரியராகும்.

1914-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்த ஸ்காத்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் என்பார், சென்னை மாகாணத்து நகரங்களைக் கண்டு எழுதிய அறிக்கைகளில் காஞ்சியின் அமைப்பைப் பெரிதும் பாராட்டினார். முதலில் ஊரை ஆராய்தல் வேண்டும், பின்னரே வரைபடம் இடுதல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கையின்படி, நாம் குடியேறக் கருதும் செவ்வாய்க் கோளை முதற்கண் நோக்குவோம்.

அங்கே ஒரு பகலும் இரவும் சேர்ந்து 24 மணி 39 நிமிஷம். ஓர் ஆண்டு நம் 687 நாள். பொருள்களின் எடை இங்குள்ளதில் எட்டில் மூன்று பங்கே. சராசரி வெப்பநிலை பூஜ்யத்திற்கு 60 பாகை கீழே. காற்றின் அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. அக்காற்றிலும் நூற்றுக்கு 95 பங்கு கரியமில வாயு. மண்ணில் பெர்குளோரேட் என்னும் நச்சுத்தன்மையுள்ள உப்பு கலந்துளது. நீர் இல்லாமலில்லை; துருவங்களிலும் நிலத்தடியிலும் பனிக்கட்டியாய் உறைந்து கிடக்கின்றது.

மறைந்து கிடக்கும் நீரைக்கொண்டு வாழ்தல் காஞ்சிக்குப் புதிதன்று. பாலாறு ஆண்டிற் பெரும்பகுதி மணலாறாகவே காட்சியளிக்கும். எனினும் அம்மணலினடியில் ஊறும் நீரைக் கால் வெட்டிக் கழனிக்குக் கொணர்ந்தனர் நம் முன்னோர்; மழைநீரைத் தென்னேரி போன்ற ஏரிகளிலும், சர்வதீர்த்தம் போன்ற குளங்களிலும் தேக்கினர். அமெரிக்க வானநூலார் பெர்சிவல் லோவல் என்பார், துருவத்து நீரைக் கொண்டுவரச் செவ்வாய் மாந்தர் வெட்டிய கால்வாய்களைத் தாம் கண்டதாகவே சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். 1965-இல் மாரினர் 4 என்னும் விண்கலம் எடுத்த படங்களில் அத்தகைய கால்வாய் ஒன்றும் காணப்படவில்லை. அவர் கண்டது பிழையே. ஆயினும் ‘இவ்வூர்க்கு நீர் எங்கிருந்து வரும்?’ என்று அவர் தொடங்கிய வினா பிழையன்று. கதையாசிரியரும் அவ்வினாவிலேயே தொடங்குதல் வேண்டும்.

செவ்வாயில் நீரோடு காற்றையும் தேடுதல் வேண்டும். 2021 முதல் 2023 வரை அங்கே மாக்ஸி என்னும் சிறு கருவி பதினாறு முறை இயக்கப்பெற்று, கரியமில வாயுவினின்றும் 122 கிராம் பிராணவாயுவைப் பிரித்தெடுத்தது. அஃது ஒருவர் மூன்று நான்கு மணி நேரம் உயிர்த்திருக்கப் போதுமானது. பெரிய சாதனையே, ஆயினும் ஓர் ஊர் உயிர்த்திருக்க எத்துணைப் பெரிய ஆலை வேண்டும் என்பதை இதனின்றும் உய்த்துணரலாம்.

இனி, சுவரைப் பற்றிக் கூறுவோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலில் கல்லின்மேற் கல் அமர்ந்து தன் எடையாலேயே நிலைபெறுகின்றது. செவ்வாயிலோ இம்முறை தலைகீழாகும். வெளியே காற்று மிகக் குறைவாதலின், வீட்டினுள் நாம் அடைத்த காற்று சுவரையும் கூரையையும் சதுர மீட்டருக்குப் பத்து டன் அளவில் வெளியே தள்ளும். அதனை மண்ணின் எடையால் ஈடுசெய்ய வேண்டின், கூரைமேல் ஏறக்குறைய பத்து ஆள் உயரம் மண் குவித்தல் வேண்டும். ஆகவே அங்குத் தேவைப்படுவது அழுத்தத்தைத் தாங்கும் கல்லன்று. இழுவையைத் தாங்கும் நூலே. 2016-இல் அனைத்துலக விண்வெளி நிலையத்தோடு இணைக்கப்பெற்ற பீம் என்னும் அறை, பல அடுக்குத் துணியால் அமைந்து காற்றால் விரிக்கப்பட்டதேயாம். துணிக்கு ஊறு பெரும்பாலும் இணைப்பிலேயே தொடங்கும். உடலையும் கரையையும் வேறு வேறு நிறமாக நெய்து, மூன்று நாடாக்களால் அறாதவாறு கோக்கும் கோர்வை நெசவு அறிந்த காஞ்சி நெசவாளர் ஒருவரைக் கதையாசிரியர் அவ்வூரின் தலைமைக் கொத்தனாராக ஆக்கினும் பொருந்தும்.

நிற்க. தெருவின் பயன் யாது? நடப்பதற்கு மட்டுமன்று. காஞ்சியில் விடியற்காலையில் நெசவாளர் பட்டுப் பாவினைத் தெருவின் நீளத்திற்கு நீட்டி ஒழுங்கு செய்வதைப் பலரும் கண்டிருப்பர். விழா நாளில் அதே ஊரின் வீதிகளில் உற்சவமூர்த்தி எழுந்தருள்வார். செவ்வாயில் ஒவ்வொரு முழ இடத்தையும் செய்த காற்றால் நிரப்ப வேண்டுமாதலின், இடத்தைச் சுருக்கவே யாருக்கும் தோன்றும். ஆயின் காலையில் தொழிலுக்கும் மாலையில் ஒன்றுகூடுதற்கும் ஒரு நீண்ட வீதியேனும் விடாத ஊர், ஊராகாது, சிறையாகும்.

காஞ்சிக்குப் பட்டு நூல் கருநாடகத்தினின்றும், சரிகை சூரத்தினின்றும் வருகின்றன. கைத்திறன் மட்டுமே இவ்வூரது. செவ்வாய்க்கோ கலம் விடத் தக்க காலம் 26 மாதத்திற்கு ஒருமுறையே வாய்க்கும். எதனைத் தாமே செய்துகொள்வர், எதற்குக் காத்திருப்பர் என்று எழுதிவைத்தால், அவ்வூரின் துன்பமும், அதனோடு கதையும் தாமே பிறக்கும்.

இறுதியாக ஆட்சி. காஞ்சிக்கு அணித்தாகிய உத்தரமேரூரில், ஏறத்தாழ கி.பி. 920-இல் முதற் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள், குடவோலையால் வாரியத்தார் தேர்ந்தெடுக்கப்பட்ட முறையைக் கூறுகின்றன. ஏரியைக் காப்பதற்கென்றே ஏரி வாரியம் என ஒன்று இருந்தது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் அதற்குத் தகுதியற்றவராவர். நிலமும் கல்வியும் உடையார்க்கே அவ்வுரிமை இருந்தமை அதன் குறையே. அக்குறையை நீக்கிச் செவ்வாயூரில் ‘காற்று வாரியம்’ ஒன்றை அமைத்தல் வேண்டும். மூச்சின் திறவுகோல் ஒருவன் கையில் மட்டும் இருக்குமாயின், ஏனையோர் அனைவரும் அவனுக்கு அடிமையரே அன்றோ?

ஆகவே ஊர் என்பது கட்டடமன்று. நீரும் தொழிலும் கூடுமிடமும் கணக்கும் பற்றிய ஓர் உடன்பாடேயாம். இதனைச் செவ்வாயை எண்ணிப் பார்க்குங்கால் எளிதில் உணர்கின்றோம், காலடியிலோ மறந்துவிடுகின்றோம். பாலாற்றில் நீரைப் பொதிந்து வைத்த மணல் வண்டி வண்டியாக அள்ளப்பட்டது. நெசவாளர்தம் மக்கள் பலர் தறியை விட்டு வேறு பிழைப்பு நாடுகின்றனர். பனிக்கட்டியை அகழ்ந்து உருக்கி ஒரு குடம் நீர் பெறும் மாந்தரைப் பற்றி எழுத விரும்பும் மாணவ நண்பர்கள், எழுதுகோலை எடுக்குமுன் ஒருநாள் வைகறையில் நெசவாளர் தெருவிற்கும், அதன்பின் ஏரிக்கரைக்கும் நடந்து சென்று வருவார்களாக. அவர்கள் அமைக்கும் ஊர் செவ்வாயிலும் நிலைக்கும். அவர்கள் பிறந்த ஊரும் நிலைக்க வழி தோன்றும்.