ரொட்டிக்கு நடுவே என்ன வைக்கலாம்?

அமெரிக்கர்கள் மதியத்துக்குச் சாண்ட்விச் கொண்டுபோவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இரண்டு துண்டு பாணுக்கு நடுவே கச்சான் பசையும் ஜாமும் இருக்கும். அல்லது முட்டை, டின் மீன். அங்கே பாண் வெறும் உறைதான்.

எமது தோட்டப் பெண்களும் மலைக்கு ரொட்டி கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். ஆனால் ஹட்டன் பகுதி லயங்களில் நான் பெரும்பாலும் காண்பது ரொட்டியும் சம்பலும் மட்டுமே. வயிறு நிறையும், இரத்தம் ஊறாது. முட்டை இருந்தாலும் அது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடுகிறது. கர்ப்பிணிகள்கூட அப்படித்தான் செய்கிறார்கள்!

அதே ரொட்டியை மெல்லியதாகத் தட்டிச் சுடுங்கள். பருப்பைத் தண்ணீர் வற்ற அவித்து, மிளகாய், வெங்காயம் சேர்த்து மசித்துப் பூசுங்கள். மேலே வதக்கிய கீரையோ பொரித்த நெத்தலியோ வைத்து, தேசிக்காய்ப்புளி விட்டு மடியுங்கள். புளி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். பிள்ளைகளுக்கு வறுத்த கச்சானை இடித்து, சிறிது சீனி கலந்து பாணில் பூசலாம். கடைப் போத்தல் தேவையில்லை.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் வேண்டாம். அது இரும்புச்சத்தைச் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.