இலைக்கூரையின் கீழ் ஒரு வெள்ளம்

கண்ணாற் கண்டதே மெய் என்பர். ஆயின், தென் அமெரிக்காவிலுள்ள அமேசன் காட்டை ஆகாயவிமானத்திலிருந்து நோக்கினால் நாம் காண்பது இலைக்கூரை ஒன்றையே. அதன் கீழே ஆண்டுதோறும் மாதக்கணக்கில் நிற்கும் ஆற்று வெள்ளத்தை அளப்பது எங்ஙனம்?

1992 இல் யப்பான் ஏவிய ஜே.ஈ.ஆர்.எஸ்.-1 என்னும் செய்மதி, ஏறத்தாழ 23 சதமமீற்றர் அலைநீளமுடைய ராடர் அலைகளைப் பூமியை நோக்கிச் செலுத்தியது. அவை முகிலையும் இலைகளையும் ஊடுருவுவன. திறந்த நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அவற்றை அப்பால் தெறிக்கச் செய்வதால் படத்திற் கருமையாகத் தோன்றும். மரங்களிடையே நீர் நின்றாலோ, அலைகள் நீரிலும் அடிமரத்திலுமாக இருமுறை தெறித்துச் செய்மதிக்கே மீளும். அவ்விடம் வெண்மையாக ஒளிரும்.

1995 இல் நீர் வற்றிய காலத்தும் 1996 இல் நீர் பெருகிய காலத்தும் பிடித்த படங்களை ஆய்வாளர் ஒப்புநோக்கினர். மத்திய அமேசனில் ஆராய்ந்த நிலத்தில் நூற்றுக்கு 17 பங்கு ஈரநிலம் எனக் கண்டனர். அவ்வீரநிலத்தில் நூற்றுக்கு 96 பங்கு பெருக்குக் காலத்தில் நீருள் நின்றது. வற்றிய காலத்தில் 26 பங்கே நின்றது.

இவ்வேற்றுமையே அங்குள்ளோரின் வாழ்வு. தம்பாக்கி என்னும் மீன் வெள்ளத்தோடு காட்டினுட் புகுந்து, உதிரும் பழங்களையும் விதைகளையும் உண்டு கொழுக்கிறது. அம்மீன் ஆற்றங்கரை மக்களின் உணவாகிறது. அணை கட்டி வெள்ளத்தைத் தடுப்போர் அவர்தம் உலையையும் தடுத்தவராவர். கண்ணுக்குத் தெரியாத வெள்ளத்தைப் பொருட்படுத்தாது விடுதல் எளிது. வரைபடத்தில் ஏறியபின் அங்ஙனம் விடுதல் அரிது. காணாததை இல்லையென்னாது, அதைக் காணும் வழி தேடுவதே கல்வி என்பதை நம் மாணவர் உணர்வாராக.