மெட்டு தங்கும் இடம்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் புறப்பாட்டில் சுவாமிக்கு முன்னால் திவ்யப் பிரபந்தக் கோஷ்டி போகும். பின்னால் வேத பாராயணம் வரும். புத்தகம் பாராமல் பாசுரம் சேவிக்கும் பெரியவர்களைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழும்: இத்தனையும் மூளையில் எங்கே தங்குகிறது?

ஹரியானாவில் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் யஜுர்வேதம் மனப்பாடம் செய்த பண்டிதர்கள் 21 பேரையும், அந்தப் பயிற்சி இல்லாத 21 பேரையும் ஜேம்ஸ் ஹார்ட்ஸெல் குழுவினர் எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2016-ல் வெளியானது. பண்டிதர்களுக்கு மொழி, நினைவு, பார்வை சார்ந்த பல பகுதிகளில் சாம்பல்நிறத் திசு கூடுதலாக இருந்தது. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸின் வலப்பக்கமும் அதில் அடக்கம்.

உடனே, ‘மந்திரம் சொன்னால் மூளை வளரும்’ என்று செய்தி பரவியது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. பயிற்சியால் மூளை மாறியதா, இயல்பிலேயே நினைவாற்றல் மிக்கவர்கள்தான் பாடசாலையில் நிலைத்தார்களா என்பதை ஒருமுறை எடுத்த ஸ்கேன் பிரித்துக் காட்டாது.

இந்த அவசரம் பழையதுதான். 1993-ல் ஓர் ஆய்வில் 36 கல்லூரி மாணவர்கள் 10 நிமிடம் மொஸார்ட் இசை கேட்டார்கள். வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் சோதனையில் மதிப்பெண் கூடியது. கால் மணி நேரத்துக்குள் அந்தப் பலன் மறைந்தது. 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்டார். அந்த ஆய்வில் ஒரு குழந்தைகூட இல்லை.

நம் வீடுகளுக்கு உதவும் ஆய்வு 2015-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து வந்தது. நெடுநாள் பழகிய பாட்டைக் கேட்கும்போது இயங்கும் சில பகுதிகள், அல்சைமர் என்னும் மறதி நோயில் மற்ற இடங்களைவிடக் குறைவாகவே சுருங்குகின்றன என்று மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் கண்டார்கள். ஹிப்போகேம்பஸோ தொடக்கத்திலேயே பாதிக்கப்படும். பேரன் பெயரை மறந்த பாட்டி கந்த சஷ்டி கவசத்தில் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்.

காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடினாலும் கோர்வை என்னும் நெசவு முறையில் பிணைந்துவிடும். பாட்டில் சொல், மெட்டு, தாளம் மூன்றும் அப்படித்தான். ஒன்றைத் தொட்டால் மற்றவையும் கூட வரும்.

மறதி நோயைப் பாட்டு குணப்படுத்தாது. ஆனால் அந்த நோயோடு ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் இளவயதில் கேட்ட பாட்டைப் போடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாடுங்கள்.